இழை எண்ணும் லென்ஸ் முதல் இன்சுலின் டிசைன் வரை: மைக்ரோஸ்கோப் உலகம் தறிக்கு வந்தது எப்படி? கடையநல்லூர் நெசவுக்கு இதில் என்ன இருக்கு?

துணி வியாபாரத்தில் இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன மடக்கு லென்ஸ் நல்லாவே பழக்கம். அதைத் துணி மேல வச்சு, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை ஓடுதுன்னு எண்ணுவாங்க. எண்ணிக்கை குறைஞ்சா விலையும் குறையும். கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் தறியோடு வளர்ந்த யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனா, மனிதன் முதன்முதலா பாக்டீரியாவைப் பார்த்ததும் ஒரு துணி வியாபாரியோட லென்ஸ் வழியாத்தான் என்பது பலருக்குத் தெரியாது. அதுக்கு அப்புறம் கதை திரும்பி வந்தது. லென்ஸிலும் எக்ஸ்ரேயிலும் தெரிஞ்ச வடிவங்கள் திரைச்சீலையாகவும், டையாகவும், கம்பளமாகவும் நெய்யப்பட்டன. இன்சுலின், ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், கம்ப்யூட்டர் சிப் எல்லாமே துணி டிசைன் ஆகியிருக்கு.

இது எப்படி நடந்தது? நம்ம ஊர் தறியில் இதை நெய்ய முடியுமா? நெய்தா அந்த டிசைன் யாருக்குச் சொந்தம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

துணிக்கடைக்காரர் கண்ட கிருமி

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம். அந்தோனி வான் லேவன்ஹூக் 1632-ல் அங்கே பிறந்தார். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணி வியாபாரியிடம் தொழில் கத்துக்கிட்டு, 1654-ல் சொந்த ஊரில் துணிக்கடை போட்டார். அந்தக் காலத் துணி வியாபாரிகள் இழையின் தரத்தைப் பார்க்க லென்ஸ் வச்சிருப்பது வழக்கம்.

லேவன்ஹூக் அதோடு நிக்கல. தானே கண்ணாடியைத் தேய்ச்சு, மணி அளவுக்குச் சின்ன லென்ஸ்களைச் செய்தார். அவை பொருளை 200 மடங்குக்கும் மேல் பெரிதாகக் காட்டின. 1674-ல் ஏரித் தண்ணீரில் நீந்தும் நுண்ணுயிர்களைப் பார்த்தார். 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரித்தவை பாக்டீரியாக்கள் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம்.

அந்தக் காலத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் நம்ம நெசவாளர்களிடமிருந்து துணி வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கிட்டிருந்தது. அந்தக் கம்பெனியின் ஆறு கிளை மன்றங்களில் ஒன்று டெல்ஃப்ட்டிலேயே இருந்தது.

அவருக்குச் சற்று முன்னால், 1665-ல், ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். 'செல்' என்ற சொல்லை உயிரியலுக்குக் கொடுத்த புத்தகம் இது. இதில் அவர் முதலில் வரைந்து காட்டியவற்றில் ஊசி முனை, சவரக் கத்தியின் விளிம்பு ஆகியவற்றோடு மெல்லிய லினன் துணியும் பட்டுத் துணியும் உண்டு. வெறும் கண்ணுக்கு வழவழப்பான பட்டு, லென்ஸில் பாய் முடைந்த மாதிரி தெரிஞ்சது. பட்டுப்புழு மாதிரி மனிதனும் பசைத் திரவத்தை இழுத்து நூலாக்க முடியாதா என்றும் அதே புத்தகத்தில் அவர் யோசித்தார். செயற்கை இழை சந்தைக்கு வர அதுக்கப்புறம் 200 வருஷத்துக்கும் மேல் ஆச்சு.

கம்பளி ஆராய்ச்சியிலிருந்து டிஎன்ஏ வரை

அடுத்த திருப்பமும் துணியில்தான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் கம்பளித் தொழிலுக்குப் பேர்போனது. கம்பளி ஏன் இழுத்தா நீளுது, விட்டா சுருங்குது என்பது ஆலைக்காரர்களுக்கு முக்கியமான கேள்வி. 1928-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜவுளி இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்த வில்லியம் ஆஸ்ட்பரி, கம்பளி இழை வழியாக எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி விடை தேடினார். இழையை இழுத்தால் அதில் இருக்கும் புரத மூலக்கூறின் மடிப்பு விரியுது, விட்டால் மறுபடி மடியுது என்று தெரிஞ்சது.

இதே முறையில் வேற இழைகளையும் பார்க்கலாமே? அவருடைய ஆய்வகத்தில் இருந்த ஃபுளோரன்ஸ் பெல், 1938-ல் டிஎன்ஏ இழையை எக்ஸ்ரே படம் எடுத்தார். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் 1953-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பாதையின் தொடக்கத்தில் இருந்தது கம்பளி நூல்.

1951: ஹோட்டல் திரைச்சீலையில் விஞ்ஞானம்

இப்படி எக்ஸ்ரே மூலம் படிகங்களை ஆராயும்போது விஞ்ஞானிகள் ஒரு வரைபடம் போடுவார்கள். மலையின் உயரத்தை வளையம் வளையமாகக் கோடு போட்டுக் காட்டும் மேப் பார்த்திருப்பீங்க. அதே மாதிரி, அணுக்கள் இருக்கும் இடத்தில் வளையங்கள் நெருக்கமா வரும். கண்ணுக்கே தெரியாத அணுக்களின் மேப் அது.

கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த ஹெலன் மெகா என்ற படிகவியல் விஞ்ஞானிக்கு, இந்த வரைபடங்கள் அழகான துணி டிசைனாகும் என்று தோணுச்சு. 1946-லேயே அவர் இதை வடிவமைப்புத் துறையில் இருந்தவர்களுக்கு எழுதினார். 1949-ல் இன்னொரு படிகவியல் விஞ்ஞானி கேத்லீன் லான்ஸ்டேல் நடத்திய உரையைக் கேட்ட மார்க் ஹார்ட்லேண்ட் தாமஸ் என்ற வடிவமைப்புத் துறை அதிகாரி, இதைச் செயல்படுத்த இறங்கினார்.

1951-ல் போருக்குப் பிந்தைய பிரிட்டனை உற்சாகப்படுத்த 'பிரிட்டன் திருவிழா' நடந்தது. அதுக்காக 'ஃபெஸ்டிவல் பேட்டர்ன் குரூப்' என்ற குழு அமைக்கப்பட்டது. மெகாதான் அறிவியல் ஆலோசகர். இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. துணி, லேஸ், வால்பேப்பர், கம்பளம், பாத்திரம் என எல்லாத்திலும் படிக டிசைன் வந்தது. லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் இருந்த ரெகாட்டா உணவகம் முழுக்க இந்த டிசைன்களாலேயே அலங்கரிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய மூணு டிசைன்கள்:

இன்சுலின்: சர்க்கரை நோயாளிகளுக்குத் தெரிஞ்ச அதே இன்சுலின்தான். டோரதி ஹாட்ஜ்கின் ஆய்விலிருந்து எடுக்கப்பட்ட வரைபடம். சுவாரசியம் என்னன்னா, இன்சுலினின் முழு அமைப்பை ஹாட்ஜ்கின் குழு கண்டுபிடிச்சு முடிச்சது 1969-ல்தான். விடை வர 18 வருஷம் முன்னாடியே கேள்வி சுவரில் டிசைனா வந்துடுச்சு.

ஹீமோகுளோபின்: ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் புரதம். மாக்ஸ் பெருட்ஸ் ஆய்வு செய்தது. 1962-ல் இதற்காக அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அஃப்விலைட்: மெகாவே ஆராய்ந்த ஒரு கனிமம். சிமெண்ட் இறுகும்போது உருவாகும் பொருட்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதை 'சர்ரே' என்ற பெயரில் திரைச்சீலைத் துணியாக்கியவர் மரியான் ஸ்ட்ராப். சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர் கைத்தறியில் நெய்து பழகியவர், விசைத்தறி ஆலைகளுக்கும் டிசைன் செய்து கொடுத்தவர்.

ரெகாட்டா உணவகத்தில் தொங்கிய அந்த 'சர்ரே' துணி இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கு.

லுங்கிக் கட்டத்துக்கும் படிகத்துக்கும் என்ன சம்பந்தம்?

படிக வரைபடம் ஏன் இவ்வளவு சுலபமா துணிக்குப் பொருந்துச்சு? காரணம் ஒண்ணுதான்: இரண்டுமே ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடுபவை.

ஒரு கட்டம் போட்ட லுங்கியை எடுத்துக்குங்க. பாவில் நீலம் 20 இழை, வெள்ளை 4 இழை, பச்சை 8 இழை என்று ஒரு கணக்கு ஓடும். ஊடையிலும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு ஒரு சுற்று முடிஞ்சா ஒரு கட்டம். அதையே அகலத்துக்கும் நீளத்துக்கும் அடுக்கினா முழு லுங்கி. நெசவாளி மனசில் வச்சிருப்பது முழுத் துணியை இல்லை, அந்த ஒரு சுற்றைத்தான்.

உப்பு, கற்கண்டு, சிமெண்ட் எல்லாத்திலும் இதே கதை. சில அணுக்கள் சேர்ந்து ஒரு சின்னக் கட்டம். அது கோடிக்கணக்கில் அடுக்கப்பட்டா படிகம். தட்டையான பரப்பில் ஒரு டிசைனைத் திரும்பத் திரும்ப அடுக்க, சமச்சீர் அடிப்படையில் மொத்தம் 17 வழிதான் உண்டு என்று கணிதம் நிரூபிச்சிருக்கு. பாய், ஜமுக்காளம், புடவைக் கரை, டைல்ஸ் எதை எடுத்தாலும், ஒரே டிசைன் இரண்டு பக்கமும் தொடர்ந்து பரவுதுன்னா அது இந்த 17-க்குள் அடங்கிவிடும்.

சென்னையில் முறுக்கிய முப்புரி

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. மெகா வேலை பார்த்த கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் 1947 முதல் 1949 வரை ஆய்வு செய்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 30 கூட ஆகவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் கொலாஜன். தோல், தசைநார், எலும்பு எல்லாத்தையும் தாங்கிப் பிடிக்கும் புரதம் இது. நம்ம உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு இதுதான். பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வுக்கு கொலாஜன் கொடுத்து உதவியது. 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள்: கொலாஜன் என்பது மூணு இழை சேர்ந்த ஒரு சுருள்.

அடுத்த வருஷம் அந்த மாதிரியை அவர்கள் மேலும் திருத்தினார்கள். அதன்படி, ஒவ்வொரு இழையும் தனித்தனியா இடப்பக்கம் முறுக்கியிருக்கு. மூணும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கியிருக்கு. கயிறு திரிப்பவருக்கும் இரட்டை நூல் முறுக்குபவருக்கும் இது பழைய பாடம். ஒற்றை நூலை ஒரு பக்கம் முறுக்கி, ரெண்டு நூலைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்கினாத்தான் பிரியாம நிக்கும். உடம்பும் அதே தொழில்நுட்பத்தை வச்சிருக்கு. செருப்பாகவும் பையாகவும் மாறும் தோலின் பலம் இந்த எதிர்முறுக்கிலிருந்து தொடங்குது.

கம்ப்யூட்டர் சிப்பை நெய்த பெண்

நாம இதுவரை பார்த்த டிசைன்கள் பெரும்பாலும் ஆலையில் வந்தவை. கைத்தறியில் நெய்த உதாரணம் வேண்டுமா? அமெரிக்காவின் நவஹோ பழங்குடியைச் சேர்ந்த மரிலூ ஷுல்ட்ஸ், பரம்பரை நெசவாளி. கணித ஆசிரியரும் கூட. 1994-ல் இன்டெல் நிறுவனம் அவரிடம் ஒரு வேலை கொடுத்தது: பென்டியம் சிப்பைப் பெரிதாக்கி எடுத்த படத்தைப் பார்த்து, அதைக் கம்பளமா நெய்யணும்.

விரல் நகத்தளவு சிப்புக்குள் இருக்கும் லட்சக்கணக்கான சுற்றுகளின் வரைபடத்தை அவர் கம்பளி நூலில் கொண்டுவந்தார். எவ்வளவு துல்லியம் என்றால், அதைப் பார்த்தே அது பென்டியம் வரிசையில் பி54சி என்ற மாடல் எனப் பின்னாளில் அடையாளம் காண முடிஞ்சது. 2017-ல் ஜெர்மனியின் புகழ்பெற்ற 'டாக்குமென்டா' கலைக் கண்காட்சியிலும் இந்த நெசவு இடம்பெற்றது.

இந்தக் கதைக்கு ஒரு கசப்பான முன்கதையும் உண்டு. 1965-ல் ஃபேர்சைல்ட் என்ற நிறுவனம் நவஹோ நிலப்பகுதியில் உள்ள ஷிப்ராக்கில் சிப் தொழிற்சாலை திறந்தது. வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். நெசவு பழகிய விரல்களுக்குச் சிப் வேலை இயல்பா வரும் என்கிற மாதிரி, கம்பளத்தையும் சிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு நிறுவனம் விளம்பரமும் செய்தது. 1975-ல் தொழிலாளர் ஆட்குறைப்பை எதிர்த்து ஆலை முற்றுகையிடப்பட்டது. அதோடு ஆலையும் மூடப்பட்டது. நெசவாளியின் கையைப் புகழ்றது வேற, அந்தக் கைக்குப் பேரும் கூலியும் கொடுக்கிறது வேற.

கடையநல்லூர் தறியில் இதை நெய்ய முடியுமா?

நெசவு பல தலைமுறையா கடையநல்லூரின் அடையாளம். தொழில் நலிஞ்ச காலங்களில் இங்கிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய குடும்பங்கள் ஏராளம். 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' அங்கே 1941-லேயே தொடங்கப்பட்டது என்பதே அந்தப் பயணத்தின் அளவைச் சொல்லும்.

இன்றைய நிலை? 2019-20-ல் வெளியான நான்காவது அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுக்க 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்காங்க. குடும்பங்களில் சுமார் மூணில் ரெண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. வேகத்தில் விசைத்தறியை ஜெயிக்க முடியாது. கைத்தறிக்கு மிச்சமிருக்கும் பலம், சின்ன எண்ணிக்கையில் புது டிசைன் போட முடிவதுதான். அறிவியல் டிசைன் இங்கேதான் உதவும்.

எப்படிச் செய்றது? படிப்படியாப் பார்க்கலாம்.

1. படம் தேர்வு: திரும்பத் திரும்ப வரும் வடிவம் நல்லது. இலையின் செல் அமைப்பு, பருத்தித் தண்டின் குறுக்குவெட்டு, உப்புப் படிகம் போன்றவை பொருந்தும். 

2. எளிமையாக்குதல்: மைக்ரோஸ்கோப் படத்தில் நூற்றுக்கணக்கான நிறச் சாயல்கள் இருக்கும். தறிக்கு ரெண்டு, மூணு நிறம் போதும். வளைவுகளைக் கொஞ்சம் படிக்கட்டு மாதிரி மாத்தணும்.

3. கிராஃப் தாள்: ஒரு கட்டம் என்பது ஒரு பாவு இழையும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். பாவு மேலே வந்தா நிறம் அடிக்கணும், கீழே போனா காலி.

4. ஜக்கார்டு அட்டை: 120 ஹூக் ஜக்கார்டு பெட்டி என்றால் ஒரு டிசைன் 120 கட்டம் அகலத்துக்குள் அடங்கணும். 160 வரிசை உயரம் என்றால் 160 அட்டை குத்தணும். டாபி மட்டும் இருக்கும் தறியில் இன்னும் எளிமையான வடிவங்கள்தான் வரும்.

5. இழை தொங்காமல் பார்ப்பது: ஓர் இழை பின்னாமல் நீளமா மேலே ஓடினா, கொலுசிலும் வளையலிலும் சிக்கிக் கிழியும். அதனால் நடுநடுவே அதைப் பிடித்துக் கட்டும் புள்ளிகளை டிசைனிலேயே வைக்கணும். ஓவியருக்குத் தெரியாத, நெசவாளிக்கு மட்டுமே தெரிஞ்ச இடம் இது.

ஜக்கார்டு இல்லாத சாதாரணத் தறியிலும் வழி இருக்கு. பாவு, ஊடை நிறங்களின் எண்ணிக்கையையே ஓர் அறிவியல் வரிசைப்படி அமைக்கலாம். உதாரணத்துக்கு டிஎன்ஏவில் நாலு வகை எழுத்து, அதுக்கு நாலு நிற நூல். ஒரு மரபணுத் துண்டின் வரிசைப்படி கோடு போட்டா, பார்க்க வெறும் கோடு போட்ட துணி, படிக்கத் தெரிஞ்சவருக்கு அது ஒரு வாக்கியம்.

தொழில்நுட்ப உதவிக்கு, மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் காஞ்சிபுரத்தில் இருக்கு. ஓவியர்களையும் நெசவாளர்களையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரும் நோக்கத்தோடு 1950-களில் தொடங்கப்பட்ட அமைப்பு இது. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் இயங்குது.

டிசைன் யாருக்குச் சொந்தம்?

இதுதான் ரொம்ப முக்கியம். புது டிசைன் ஹிட் ஆனா, அடுத்த வாரமே விசைத்தறியிலும் பிரிண்ட் துணியிலும் காப்பி வந்துடும். அதனால் இந்த விஷயங்களை மனசில் வச்சுக்குங்க.

புது டிசைனை, வடிவமைப்புச் சட்டம் 2000-ன் கீழ் பதிவு செய்யலாம். பாதுகாப்பு 10 வருஷம், மேலும் 5 வருஷம் நீட்டிக்கலாம். ஆனா விற்பனைக்கு விடுறதுக்கும், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புறதுக்கும் முன்னாடியே விண்ணப்பிக்கணும். வெளியே வந்த டிசைன் 'புதுசு' என்ற தகுதியை இழந்துடும்.

பதிவு செய்யத் தகுதியுள்ள ஒரு டிசைனைப் பதிவு செய்யாம 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துட்டா, அதன் மேல் உள்ள காப்புரிமையும் போயிடும். காப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு இதைச் சொல்லுது.

தலைமுறையா நெய்துவரும் கட்டம், கோடு போன்றவற்றைத் தனிநபர் யாரும் தன் டிசைன் என்று பதிவு செய்ய முடியாது.

இயற்கையின் வடிவம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனா அதை எடுத்த மைக்ரோஸ்கோப் போட்டோவுக்கு உரிமையாளர் உண்டு. இணையத்திலிருந்து அப்படியே எடுக்காம, அனுமதி வாங்குவது அல்லது பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் சொந்தமா படம் எடுப்பது பாதுகாப்பு.

விண்ணப்பம் யார் பேரில் போகுது என்பதையும் பாருங்க. முதலாளி பேரில் மட்டும் போனா, கிராஃபைத் திருத்தி இழையைக் கட்டின நெசவாளிக்கு அன்றைய கூலி மட்டும்தான். கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் பதிவு செய்தா பலன் பொதுவாகும்.

உங்க வீட்டுத் துணியை நீங்களே சோதிக்கலாம்

வாங்குறவங்களுக்கும் மைக்ரோஸ்கோப் கைகொடுக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி மனு பிரகாஷ் குழு 2014-ல் அறிமுகப்படுத்திய 'ஃபோல்ட்ஸ்கோப்' என்ற காகித மைக்ரோஸ்கோப், பொருளை 140 மடங்கு பெரிதாகக் காட்டும். செல்போன் கேமராவோடு சேர்த்தும் படம் எடுக்கலாம். இந்தியாவில் பல பள்ளி, கல்லூரிகளுக்கு இது போயிருக்கு. துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரிச்சு வச்சுப் பாருங்க.

பருத்தி: நடுநடுவே முறுக்கிக்கொண்ட தட்டை ரிப்பன் மாதிரி தெரியும்.
பட்டு: முறுக்கில்லாத, மினுமினுப்பான மெல்லிய இழை. குறுக்கே வெட்டினா ஓரம் மழுங்கிய முக்கோணம். பட்டின் பளபளப்புக்குக் காரணமே இதுதான்.
கம்பளி: மேலே மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கும்.
பாலியஸ்டர்: கண்ணாடிக் குச்சி மாதிரி வழவழன்னு, ஒரே சீரா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனை இழை என்ன ரகம் என்று மட்டுமே சொல்லும். அதைக் கைத்தறியில் நெய்தாங்களா, விசைத்தறியில் நெய்தாங்களா என்று சொல்லாது. அதுக்கு 2006-ல் அறிமுகமான 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க. 'சுத்தப் பருத்தி' என்று சொல்லி விற்ற துணியில் வழவழப்பான குச்சி இழைகள் தெரிஞ்சா, கடைக்காரரிடம் பில்லோடு போய்க் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.